யார் இட்ட பெயர்?

ரோமாபுரி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம் நெஞ்சில் எழும் காட்சிகள் பல. சீசரின் வீழ்ச்சி, சிசரோவின் நாவன்மை, நீரோவின் கொடுமை, ஸ்பார்ட்டகஸின் எழுச்சி! ஆதிக்கம் எப்படி வளரும், எப்படி ஆடும், எப்படி அழியும் என்பதற்கு அந்நகர் ஒரு பாடநூல். நம் எழுத்துலகுக்கும் அது புதிதன்று. அண்ணா 'ரோமாபுரி ராணிகள்' தீட்டினார். கலைஞர் 'ரோமாபுரிப் பாண்டியன்' படைத்தார். இன்றைய இளைஞர் ஒருவர் ரோமாபுரியைக் களமாக்கிக் கதையோ நாடகமோ எழுத முற்படுகிறார் என்றால், அதிலே வியப்பும் இல்லை, தவறும் இல்லை. வரவேற்கிறோம்.

ஆனால், அக்கதைகளில் உலவும் மாந்தரின் பெயர்களைப் பார்க்கும்போதுதான் நமக்குச் சங்கடம் பிறக்கிறது. ஆண் என்றால் 'அஸ்' என்று முடிய வேண்டும். பெண் என்றால் 'யா' என்று முடிய வேண்டும். அவ்வளவுதான் இலக்கணம்! செனட்டருக்கும் மார்க்கஸ், அவன் செருப்பைத் துடைக்கும் அடிமைக்கும் மார்க்கஸ். அக்காளுக்கு ஜூலியா, தங்கைக்குக் கிளாடியா, தகப்பனுக்கோ கார்னீலியஸ்! காதுக்கு இனிக்கிறது, கருத்துக்கு ஒவ்வவில்லை. தமிழில் மட்டும் நேரும் பிழையன்று இது. மேல்நாட்டுப் பேரறிஞர் எழுத்திலும், கோடிக்கணக்கில் பொருள் கொட்டி எடுத்த படங்களிலும் காண்கிறோம்.

"கதைதானே! பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பர் சிலர். ரோமாபுரியைப் பொறுத்தவரை, பெயரில் எல்லாம் இருக்கிறது என்பதே நம் விடை. ரோமானியனின் பெயர் வெறும் அழைப்பொலி அன்று. அவன் யாருடைய மகன், எந்தக் குலம், உரிமை பெற்ற குடிமகனா, ஒருவன் வீட்டு உடைமையாக இருந்தவனா என்பதை ஊருக்கு அறிவிக்கும் பலகை அது. அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாமல் ரோமாபுரிக்குள் நுழையும் எழுத்தாளன், அங்கே நடந்த கொடுமையைக் காணாமலே திரும்பி வருவான்.

மூன்று பெயர் முறை

குடியரசின் பிற்காலத்து உயர்குடி ரோமானியனுக்குப் பெயர் மூன்று. முதலாவது முற்பெயர்: மார்க்கஸ், லூசியஸ், காயஸ், பப்ளியஸ், குவின்டஸ் போன்றவை. இரண்டாவது குலப்பெயர்: ஜூலியஸ், கார்னீலியஸ், கிளாடியஸ், டுல்லியஸ் போன்றவை. மூன்றாவது ஒட்டுப்பெயர்: சீசர், சிசரோ, ஸிப்பியோ, புரூட்டஸ் போன்றவை. வெற்றி பெற்றவனுக்கு நான்காவதாக ஒரு விருதுப்பெயரும் சேரும். கி. மு. 202-ல் ஸாமாப் போரில் ஹானிபாலை வென்ற பப்ளியஸ் கார்னீலியஸ் ஸிப்பியோ, 'ஆப்பிரிக்கானஸ்' ஆனது இப்படித்தான்.

இவற்றுள் முற்பெயருக்குத்தான் பஞ்சம். வழக்கிலிருந்தவை 18 அளவில்தான். அதனால் அவற்றை ஓரெழுத்து, ஈரெழுத்துகளில் சுருக்கி எழுதினர். எழுத்தைப் பார்த்தாலே எந்தப் பெயர் என்று எவருக்கும் விளங்கும். முற்பெயரைச் சொல்லி அழைப்பது வீட்டாருக்கும் நெருங்கிய உறவினருக்கும் உரியது. வெளியுலகில் ஒருவனைப் பிரித்தறிய உதவியவை குலப்பெயரும் ஒட்டுப்பெயரும்.

சட்டப்படி எழுதும்போது இன்னும் நீளும். 'மார்க்கஸ் டுல்லியஸ், மார்க்கஸின் மகன், மார்க்கஸின் பேரன், கார்னீலியா தொகுதியைச் சேர்ந்தவன், சிசரோ' என்பது சிசரோவின் முழு விலாசம். தகப்பன் உண்டு, பாட்டன் உண்டு, வாக்களிக்கும் தொகுதி உண்டு என்று ஒவ்வொரு சொல்லும் பறைசாற்றுகிறது. இதே நோய் பேரரசுக் காலத்தில் முற்றியது. கி. பி. 169-ல் கான்சல் பதவி வகித்த ஒருவன் தாய்வழி, தந்தைவழி, முன்னோர்வழி என்று 38 பெயர்களைச் சுமந்தான்! பெயரா அது? பெருமைக் குவியல்!

இந்த ஒட்டுப்பெயர்களைக் கேட்டு நாம் மயங்குகிறோமே, அவற்றின் பொருளென்ன? சிசரோ என்றால் கொண்டைக்கடலையோடு தொடர்புடைய பெயர். கிராசஸ் என்றால் பருத்தவன். ஓவிட் என்ற கவிஞனின் ஒட்டுப்பெயர் நேஸோ. மூக்கன் என்று பொருள். பாம்ப்பியின் தகப்பன் ஸ்ட்ராபோ, மாறுகண்ணன். புரூட்டஸ் என்றால் மந்தபுத்திக்காரன். ஊரார் கேலியாக வைத்த பெயர், மகனுக்கும் பேரனுக்கும் இறங்கி, கம்பீரமாகிவிட்டது. பொருள் விளங்காத மொழியில் கேட்கும் வரையில்தான் புனிதம், விளங்கிவிட்டால் கொண்டைக்கடலை! மந்திரங்களின் மகிமையும் இப்படிப்பட்டதுதான் என்பதை நம் இளைஞர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

சிசரோ அரசியலில் நுழைந்தபோது, இந்தப் பெயரை மாற்றிக்கொள் என்று நண்பர்கள் கூறினராம். பழம்பெருங் குடும்பத்தார் பெயர்களைவிட என் பெயரைப் புகழுடையதாக்கிக் காட்டுவேன் என்று அவன் மறுத்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அவன் குடும்பத்தில் அதற்குமுன் எவரும் கான்சல் ஆனதில்லை. தன் உழைப்பால் பெயருக்குப் பெருமை சேர்த்தான். அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம்.

பெயரால் பெருமை சேர்த்துக்கொண்டவனும் உண்டு. காயஸ் அக்டேவியஸ் என்ற 18 வயது இளைஞன், கி. மு. 44-ல், சீசரின் உயிலின் வழியே சுவீகார மகனாகி, காயஸ் ஜூலியஸ் சீசர் ஆனான். அந்தப் பெயருக்காகவே பட்டாளம் அவன் பின்னே திரண்டது. எல்லாவற்றையும் பெயராலேயே பெற்ற சிறுவன் என்று அந்தோணி அவனை ஏளனம் செய்தான். ஏளனம்தான், எனினும் உண்மை! கி. மு. 27-ல் 'அகஸ்டஸ்' என்ற பட்டமும் சேர, குடியரசு புதைகுழிக்குச் சென்றது. சீசர் என்ற ஒரு குடும்பத்தின் ஒட்டுப்பெயர், பேரரசன் என்பதற்கே பெயராயிற்று. ருஷ்யாவின் ஜாரும், ஜெர்மனியின் கெய்சரும் அந்தப் பெயரின் வாரிசுகளே. 1917-ல் ஒருவன் முடியிழந்தான். 1918-ல் மற்றவன் முடியிழந்தான். ஒரு பெயரின் ஆட்சி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு!

பெயரைப் பறிப்பதும் தண்டனையாக இருந்தது. கி. மு. 384-ல் மார்க்கஸ் மான்லியஸ் என்பவன் முடியாட்சிக்கு ஆசைப்பட்டான் என்று குற்றம் சாட்டிக் கொன்றார்கள். அவன் குலத்தில் இனி எவனும் மார்க்கஸ் என்ற பெயர் பூணுதல் கூடாது என்று குலத்தாரே முடிவு செய்தனர். அந்தோணி வீழ்ந்த கி. மு. 30-லும், அவன் குடும்பத்துக்கு மார்க்கஸ் என்ற பெயரைச் செனட் தடை செய்தது. ஏழைகளின் கடனைத் தன் பொருளைக் கொடுத்துத் தீர்த்தவன் என்று அந்த மான்லியஸைப் பற்றி வரலாறு கூறுவதையும் சேர்த்துப் படியுங்கள். தண்டனையின் உட்பொருள் விளங்கும்.

ஆண்டையின் பெயர்

இனி, அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். மூன்று பெயர், நான்கு பெயர், 38 பெயர் என்று சுமந்து திரிந்த அந்தச் சீமான்களின் வயலில் உழுதவனுக்கு, சுரங்கத்தில் வெந்தவனுக்கு, என்ன பெயர்?

ஒரே ஒரு பெயர். அதுவும் அவன் தாய் வைத்ததன்று. வாங்கியவன் வைத்தது, அல்லது விற்றவன் வைத்தது. மிகப் பழங்காலத்தில் அந்த ஒரு பெயர்கூட அவனுக்கென்று கிடையாது. 'மார்ஸிபோர்', 'லூஸிபோர்' என்று அழைத்தனர். மார்க்கஸின் பயல், லூசியஸின் பயல் என்பது பொருள். வயது எழுபதானாலும் பயல்தான்! சேரியிலிருந்து வந்த முதியவரைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் 'ஏண்டா பயலே' என்றழைத்த கொடுமையைக் கேட்டறிந்த நமக்கு, இந்தப் பெயரின் பொருளை அகராதியில் தேட வேண்டிய அவசியமில்லை.

பின்னர் அடிமைகள் பெருகினர். கிரேக்கப் பெயர்கள் சூட்டப்பட்டன. 'சிரியாக்காரன்' என்பதுபோல் பிறந்த நாட்டையே பெயராக்குவதும் நடந்தது. கடைச்சரக்குக்கு ஒட்டும் சீட்டுப்போல!

விடுதலை கிடைத்தால்? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. விடுவித்த ஆண்டையின் முற்பெயரும் குலப்பெயரும் அவனுக்கு வந்து சேரும். பழைய அடிமைப்பெயர் ஒட்டுப்பெயராக வாலில் நிற்கும். சிசரோவின் செயலாளன் டைரோ கி. மு. 53-ல் விடுதலை பெற்று, மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனான். குடிமகன் பெயரில் 'மார்க்கஸின் மகன்' என்று எழுதும் இடத்தில், இவன் பெயரில் 'மார்க்கஸால் விடுவிக்கப்பட்டவன்' என்று எழுதவேண்டும். தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ஆண்டை நிற்கிறான்! கல்லறைக் கல்லிலும் அந்த எழுத்து தொடர்ந்தது. சங்கிலியைக் கழற்றிவிட்டு, தழும்பைக் காட்டிக்கொண்டே நட என்று சொன்ன சட்டம் அது.

லத்தீன் இலக்கியத்தின் கதையைக் கேளுங்கள். கி. மு. 240-ல் ரோமாபுரியில் முதல் லத்தீன் நாடகத்தை அரங்கேற்றியவன் லிவியஸ் ஆன்ட்ரோனிக்கஸ். ஹோமரின் காப்பியத்தை லத்தீனில் தந்தவனும் அவனே. டாரென்டம் நகரத்துக் கிரேக்கன் அவன். போரிலே பிடிபட்டு அடிமையாக வந்தவன் என்பது மரபு. ஆன்ட்ரோனிக்கஸ் அவனுடைய கிரேக்கப் பெயர். லிவியஸ் என்பது அவனை விடுவித்த குலத்தின் பெயர். அடுத்த நூற்றாண்டில் தோன்றியவன் டெரன்ஸ். ஆறே நாடகங்கள் எழுதி உலகப் புகழ் பெற்றவன். அவன் முழுப்பெயர் பப்ளியஸ் டெரன்ஷியஸ் ஆஃபர். டெரன்ஷியஸ் என்பது அவனை அடிமையாக வைத்திருந்த செனட்டரின் குலப்பெயர். ஆஃபர் என்றால் ஆப்பிரிக்கன். இரண்டையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? கார்த்தேஜில் அவனைப் பெற்ற தாய் அவனை எந்தப் பெயரால் அழைத்தாள்? வரலாறு வாய் திறக்கவில்லை. நூலகங்களில் அவன் எழுத்து வாழ்கிறது. அட்டையிலே ஆண்டையின் பெயர் வாழ்கிறது!

எண்ணிட்டு அழைக்கப்பட்ட பெண்கள்

ஆணடிமையின் நிலை இது. உயர்குடிப் பெண்ணின் நிலையாவது மேலானதா? அவளுக்கெனத் தனிப்பெயரே இல்லாமற்போயிற்று. தகப்பனின் குலப்பெயரைப் பெண்பாலாக்கிவிட்டால் அவள் பெயர் ஆயிற்று. ஜூலியஸ் குலத்தில் பிறந்தவள் ஜூலியா. டுல்லியஸ் குலத்தவள் டுல்லியா. கார்னீலியஸ் குலத்தவள் கார்னீலியா. இரண்டு பெண்கள் பிறந்தால் மூத்தவள், இளையவள். மூன்றாமவள் பிறந்தால் 'டெர்ஷியா', அதாவது மூன்றாவது! ஜூலியஸ் சீசரின் அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா! பப்ளியஸ் கிளோடியஸின் சகோதரிகள் மூவருக்கும் கிளோடியா என்பதே பெயர்.

திருமணமானாலும் பெயர் மாறாது; குலத்தின் உடைமை என்ற முத்திரை மாறக்கூடாதல்லவா? இன்னொன்றும் கேளுங்கள். ஆண் ஒருவன் அடிமையை விடுவித்தால், விடுவிக்கப்பட்டவன் பெயரோடு அவனது முற்பெயரின் எழுத்தைப் பொறிப்பர். பெண் ஒருத்தி விடுவித்தால்? அவளுக்கு முற்பெயர் ஏது? காயஸ் என்பதைக் குறிக்கும் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பொறித்தனர். எந்தப் பெண்ணாயினும் அந்த ஒரே எழுத்துதான். பெண்ணென்றால் தலைகீழ் ஆண் என்று கல்லிலே வெட்டி வைத்த சமுதாயம் அது!

எனவேதான், அக்காளுக்கு ஜூலியா, தங்கைக்குக் கிளாடியா என்று நம் எழுத்தாளர் சூட்டும்போது, ஏதோ சிறு பிழை என்று நம்மால் விட்டுவிட முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு ரோமாபுரி மறுத்த ஒன்றை, அது கொடுத்ததுபோல் காட்டிவிடுகிறார். அநீதி மறைந்துவிடுகிறது. காலீன் மெக்கல்லோ என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர், 1990-ல் தொடங்கிய தம் ரோமாபுரி நாவல் வரிசையில், சகோதரிகள் இருவரையும் ஜூலியா என்றே வைத்துக்கொண்டு, இளையவளை 'ஜூலில்லா' என்று வீட்டார் செல்லமாக அழைப்பதாகக் காட்டுகிறார். சிசரோ தன் மகள் டுல்லியாவை 'டுல்லியோலா' என்றழைத்த வழக்கத்தை ஒட்டிய முறை இது. வாசகருக்குக் குழப்பமும் இல்லை. வரலாற்றுக்கு வஞ்சனையும் இல்லை. இப்படிச் செய்யலாமே!

புகழ்பெற்றோர் சூட்டிய பெயர்கள்

ஷேக்ஸ்பியரை எடுத்துக்கொள்வோம். 1599-ல் எழுந்த 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், பெயரின் ஆற்றலை அவரைப்போல் அறிந்தவர் இல்லை என்று எண்ணும்படியான இடங்கள் உள்ளன. முடியாட்சியை ஒழித்த முன்னோன் ஒருவனின் பெயரைத் தாங்கியிருப்பதே புரூட்டஸைச் சதிக்கு இழுக்கும் கயிறாகிறது. சின்னா என்ற கவிஞன் கொலையுண்ணும் காட்சியோ, படித்தவர் மறக்க முடியாதது. சதிகாரருள் சின்னா என்று ஒருவன் உண்டு. இவனோ வேறு. 'நான் கவிஞன் சின்னா' என்று கதறுகிறான். பெயர் சின்னாதானே, அது போதும் என்று வெறிகொண்ட கூட்டம் கிழித்தெறிகிறது.

இது கற்பனையன்று. கொல்லப்பட்டவன் ஹெல்வியஸ் சின்னா. கூட்டம் தேடியது கார்னீலியஸ் சின்னாவை. ஒட்டுப்பெயர் ஒன்று, குலப்பெயர் வேறு. நடுப்பெயரைக் கேட்கப் பொறுமையிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்! அந்தச் செய்தி பரவியதும், காஸ்கா என்ற மற்றொருவன், சதிகாரக் காஸ்கா நானல்லேன் என்று ஊரறிய அறிவிப்பு வெளியிட்டதாக டியோ காஷியஸ் எழுதியுள்ளார். மூன்று பெயர் முறை சீமான்களின் ஆடம்பரம் மட்டுமன்று. உயிர் காக்கும் சீட்டாகவும் இருந்தது என்பது இதனால் விளங்குகிறது.

அவ்வளவு அறிந்த ஷேக்ஸ்பியர், புரூட்டஸின் பணியாளர்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: லூசியஸ், கிளாடியஸ், வாரோ. லூசியஸ் என்பது குடிமகனின் முற்பெயர். கிளாடியஸ் என்பது ரோமாபுரியின் மிகப் பழைய, மிகச் செருக்கு வாய்ந்த குலங்களுள் ஒன்று. வாரோவும் உயர்குடியினர் தாங்கிய பெயர். கால் பிடிக்கும் பையனுக்குக் கனவான் பெயர்! ஓசைக்காக எடுத்தார், வைத்தார். சீமான்களின் பெயரை நுணுகி ஆராய்ந்த மாமேதை, பணியாளர் பெயரில் அக்கறை காட்டவில்லை. அந்தக் காலத்து மேடைக்கு அது போதுமானதாக இருந்தது. அடிமையின் வரலாற்றைத் தேடும் இந்தக் காலத்துக்குப் போதாது.

போலந்து நாட்டு ஸியென்கீவிச் 1896-ல் தந்த 'குவோ வாடிஸ்' நாவலைப் பாருங்கள். மதப் பிரசார நோக்கம் மிகுந்த நூல் என்பதால் நமக்கு அதிலே உடன்பாடில்லாத பகுதிகள் ஏராளம். ஆயினும் பெயர் சூட்டலில் ஓர் உண்மை ஒளிர்கிறது. கதைத்தலைவி ரோமாபுரியில் பணயமாக இருப்பவள். அவள் இயற்பெயர் கல்லினா. அதை எவரும் வழங்குவதில்லை. லிஜி என்ற இனத்தவள் ஆகையால் 'லிஜியா' என்றே அழைக்கின்றனர். இனத்தின் பெயரே அவள்மீது ஒட்டிய சீட்டு. மூன்று வல்லரசுகள் போலந்தைக் கூறுபோட்டு, நாட்டின் பெயரையே வரைபடத்திலிருந்து அழித்துவிட்டிருந்த காலத்திலே எழுதியவர் அவர். லிஜி இனத்தாரைத் தம் நாட்டின் பழங்குடிகளாக அவர் கருதினார். பெயர் பறிக்கப்பட்ட பெண்ணிலே, பெயர் பறிக்கப்பட்ட நாட்டை வைத்தார். பெயரிடும் கலை என்பது இதுதான்.

ஹோவர்ட் ஃபாஸ்ட் 1951-ல் வெளியிட்ட 'ஸ்பார்ட்டகஸ்' நம் மனத்துக்கு மிக நெருங்கிய நூல். ஸ்பெயின் நாட்டு ஜனநாயகப் போரில் அல்லலுற்றோருக்கு உதவி செய்த குழுவின் ஆவணங்களைத் தர மறுத்ததற்காக, உதவியவர்களின் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக, 1950-ல் அமெரிக்கச் சிறையில் அடைபட்டவர் அவர். பதிப்பகங்கள் கைவிட்ட நிலையில் நூலைத் தாமே வெளியிட்டார். 1960-ல் வெளிவந்த திரைப்படத்தில், ஸ்பார்ட்டகஸைக் காட்டிக்கொடு என்று வென்றவர்கள் மிரட்ட, தோற்ற அடிமைகள் ஒவ்வொருவராக எழுந்து அந்தப் பெயரைத் தன் பெயரென்று கூறும் காட்சி உலகை உலுக்கியது. உண்மை வரலாற்றில், கி. மு. 71-ல் ஏறத்தாழ 6000 பேர் கப்புவாவிலிருந்து ரோமாபுரி வரை சாலையோரத்தில் சிலுவையில் அறையப்பட்டனர். அத்தனை பேருள் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. ஸ்பார்ட்டகஸ், கிரிக்ஸஸ், ஈனோமாவுஸ் போன்ற தலைவர்கள் சிலரின் ஒற்றைப் பெயர்களே எஞ்சின.

அப்படிப்பட்ட நூலிலும் ஒரு குறை காண்கிறோம். ஸ்பார்ட்டகஸின் துணைவி திரேசிய நாட்டவள் என்று புளூட்டார்க் கூறுகிறார், பெயரைக் கூறவில்லை. ஃபாஸ்ட் அவளை ஜெர்மானியப் பெண்ணாக்கி, 'வரினியா' என்று பெயர் வைத்தார். பெயரற்றுப் போனவளுக்குப் பெயர் கொடுத்தது பெருந்தன்மை. ஆனால் வரினியஸ் என்பது ரோமானியக் குலப்பெயர். ஸ்பார்ட்டகஸ் படையிடம் தோற்றோடிய ரோமானியத் தளபதி ஒருவனின் பெயரும் அதுவே. ஜெர்மானிய இனங்களுள் வரினி என்றும் ஒன்று உண்டு என்று சமாதானம் கூறலாம். ஆயினும், வாசகன் காதில் விழுவது தோற்றவன் குலத்து மகள் பெயராகவே இருக்கிறது. திரேசியப் பெயர் ஒன்றைத் தேடி வைத்திருந்தால் அவள் இன்னும் உயர்ந்திருப்பாள்.

2000-ல் வந்த 'கிளாடியேட்டர்' திரைப்படத்தின் தலைவன் பெயர் மாக்ஸிமஸ் டெசிமஸ் மெரிடியஸ். டெசிமஸ் முற்பெயர்; மாக்ஸிமஸ் ஒட்டுப்பெயர். தலை நடுவிலும், வால் தலையிலும் நிற்கின்றன! ஆனால், இந்தப் பிழையை நாம் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஏனெனில், பெயரின் உட்பொருளை அந்தப் படம் தவறவிடவில்லை. தளபதியாயிருந்தவன் அடிமையானதும் அவன் பெயர் போய்விடுகிறது. 'ஸ்பெயின்காரன்' என்றே கூட்டம் கூவுகிறது. அரங்கத்தின் நடுவே, அரசன் முன்னே, முகமூடியைக் கழற்றித் தன் பெயரை அவன் உரைப்பதே படத்தின் உச்சம். வரிசை தவறியது, உண்மை தவறவில்லை. இலக்கணப் பிழையை மன்னிக்கலாம். சமுதாயப் பிழையை மன்னிப்பது கடினம் என்பதே நம் அளவுகோல்.

ஆங்கில நாவலாசிரியர் ராபர்ட் ஹாரிஸ், 2006 முதல் 2015 வரை வெளியிட்ட மூன்று நாவல்களில், சிசரோவின் கதையை டைரோவின் வாயால் கூறவைத்தார். உண்மை டைரோ எழுதிய சிசரோ வரலாறு அழிந்துவிட்டது. அந்த இடத்தை நாவல் நிரப்புகிறது. சுருக்கெழுத்தில் வல்ல அடிமை, எசமானனின் ஒவ்வொரு சொல்லையும் பதிந்தவன், எசமானன் பெயரையே பாதியாகச் சுமந்தவன். அவன் கண்ணால் சீமான்களைக் காணும்போது, அவர்களின் நீண்ட பெயர்கள் நமக்குத் தாமாகவே குட்டையாகத் தெரிகின்றன.

சூசன் காலின்ஸ் 2008-ல் தொடங்கிய 'தி ஹங்கர் கேம்ஸ்' ரோமாபுரிக் கதையே அன்று. வருங்கால அமெரிக்காவின் கதை. ஆயினும், உண்டு கொழுக்கும் தலைநகரத்தார்க்குச் சீசர், செனெக்கா, கொரியோலேனஸ் என்று ரோமானியப் பெயர்கள். பட்டினி கிடக்கும் மாவட்டங்களின் பிள்ளைகளுக்கோ செடிகொடிகளின் பெயர்கள். நாட்டின் பெயர் பானெம், லத்தீனில் அப்பம்! அப்பத்தையும் கேளிக்கையையும் கொடுத்து மக்களை மயக்கும் முறையை ரோமானியக் கவிஞன் ஜுவெனல் இடித்துரைத்தான். பெயர்களைக் கொண்டே இரண்டு வர்க்கங்களைப் பிரித்துக் காட்டியது திறமை.

எழுத முனையும் தோழர்க்கு

எனவே, ரோமாபுரிக் கதை எழுதும் தோழர்களுக்குச் சில கூறுவோம். முதலில் காலத்தைக் குறியுங்கள். குடியரசின் தொடக்கத்தில் பலருக்கு இரண்டு பெயர்தான். கி. பி. 212-ல் பேரரசன் காரகல்லா, பேரரசின் சுதந்தர மக்கள் பெரும்பாலோருக்குக் குடியுரிமை வழங்கியதும், அவன் குலப்பெயரான ஆரேலியஸ் எங்கும் பெருகிற்று. அதற்குப் பின்னே நடக்கும் கதையில் தெருவுக்குத் தெரு ஆரேலியஸ் இருப்பான். சிசரோ காலத்துக் கதையில் அப்படி இருத்தல் பொருந்தாது.

அடுத்து நிலையைக் குறியுங்கள். குடிமகனா, விடுதலை பெற்றவனா, அடிமையா, அயல்நாட்டானா? கிளாடியஸ் என்ற பேரரசன், குடியுரிமையற்ற அயலார் ரோமானியக் குலப்பெயர் பூணுவதையே தடை செய்தான் என்பதை நினைவில் வையுங்கள். யார் யாரை எப்படி அழைப்பர் என்பதையும் கவனியுங்கள். கான்சலைத் தெருவில் கண்டவரெல்லாம் 'மார்க்கஸ்' என்று கூப்பிடுவதாக எழுதாதீர்கள்.

அங்கே தமிழன் ஒருவனையும் உலவவிட ஆசையா? தாராளமாக! பாண்டியன் அனுப்பிய தூது அகஸ்டஸை நாடிச் சென்றதை ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் குறித்துள்ளார். ரோமானியர் ஆட்சியிலிருந்த எகிப்தின் செங்கடல் துறைகளில் கிடைத்த பானை ஓடுகளில், தமிழ்ப் பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் காணப்படுகின்றன. குஸெய்ர் அல்-கதீமில் கணன், சாத்தன், பெரனிகேயில் கொற்றபூமான். கடல் கடந்து வணிகம் செய்த அந்தச் சாத்தனுக்கு 'சாட்டானியஸ்' என்று வால் ஒட்டி அழகு பார்க்க வேண்டாம். அவன் தன் பானையில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறான், அப்படியே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயரெழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது யார் இட்ட பெயர்? தாயா, தகப்பன் குலமா, சந்தையில் வாங்கியவனா? விடை தெரிந்தால் பாத்திரமும் தெரியும். பாத்திரத்தின் வலியும் தெரியும்.

நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்னே தொங்கும் சாதிப்பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. பெரியாரே தம் பெயரின் வாலை அறுத்தெறிந்தார். ரோமாபுரியின் குலப்பெயரும் நம் நாட்டுச் சாதிப்பட்டமும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. வேறுபாடு உண்டு, அது நமக்கு வெட்கம் தரும் வேறுபாடு! விடுதலை பெற்ற அடிமையின் மகன் ரோமாபுரியில் முழுக் குடிமகன். கவிஞன் ஹொரேஸ் அப்படிப்பட்ட ஒருவனின் மகன்தான். அதைச் சொல்லிச் சிலர் எள்ளி நகையாடியதையும், தகப்பனால் தான் பெற்ற பெருமையையும் அவனே மறைக்காமல் எழுதினான். அடிமைச் சந்தை நடத்திய அந்தக் கொடிய நகரமே ஒரு தலைமுறையில் திறந்துவிட்ட கதவை, நம் சாதி ஆயிரம் தலைமுறைக்கும் அடைத்தே வைத்தது.

ரோமாபுரி வீழ்ந்தது. 38 பெயர் சுமந்தவனை இன்று ஆராய்ச்சியாளரன்றி எவரும் அறியார். ஆண்டைகள் சந்தையில் வாங்கி வாளேந்த வைத்த ஸ்பார்ட்டகஸை உழைப்பாளர் உலகம் அறியும். அவன் தோழர் ஆறாயிரவரின் பெயர்களை நாம் இனி அறிய வழியில்லை. அவர்களுக்குக் கதையிலாவது பெயர் வைக்கும் பொறுப்பு எழுதுகிறவன் கையில் வந்திருக்கிறது. ஆண்டையின் முத்திரையை மீண்டும் அவர்கள் நெற்றியில் குத்தாமல், அவர்கள் தாய்மார் அழைத்திருக்கக்கூடிய பெயரைத் தேடி எடுத்து வைப்போம். தேடுவது கடினம், தேடத்தான் வேண்டும்.